பெரிய ஃபோர் வீல் டிரைவ் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

பெரிய ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த மாடல் ரிப்பேர் வைக்காது?" என்பதுதான். மாடல் பெயர் அதற்குப் பாதிப் பதில்தான் தரும். முன்பு வைத்திருந்தவர் எப்படிப் பராமரித்தார், இனி நீங்கள் எப்படி ஓட்டப் போகிறீர்கள் என்பதில்தான் மீதிப் பதில் இருக்கிறது. இந்த வண்டிகளின் எடை இரண்டரை டன் அளவுக்கு வரும். முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி), நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டி), அதை அச்சுகளுக்குக் கொண்டுபோக இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட். சின்னக் காரில் இத்தனை பாகங்கள் இல்லை, பராமரிக்க வேண்டிய ஆயிலும் சீலும் இங்கே அதிகம். வாங்க முடிந்தவர்கள் பலருக்கு வைத்து ஓட்ட முடியாமல் போவது இங்கேதான்.

கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதல் ஆறு படிகளுக்கு வண்டியைப் பார்க்கவே போக வேண்டாம். பார்த்துவிட்டால் மனசு போய்விடும், அப்புறம் கணக்கு மனசுக்கு ஏற்றபடி வளையும்.

1. உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு விஷயம் போதும்: வருடத்துக்கு எத்தனை கி.மீ., அதில் 10 கி.மீ.க்குக் குறைவான ஓட்டம் எவ்வளவு, மண் பாதையிலும் மணலிலும் வருடத்துக்கு எத்தனை நாள், இழுக்க வேண்டிய டிரெய்லரின் எடை என்ன.

இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். புகைத்துகள் வடிகட்டி, அதாவது டிபிஎஃப் உள்ள டீசல் வண்டிக்குக் குறுகிய ஓட்டம் விஷம். வடிகட்டியில் சேரும் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளித்து வடிகட்டியைச் சூடாக்கும். அது முடிவதற்குள் நீங்கள் வீடு வந்து சாவியைத் திருப்பிவிட்டால் கரி அப்படியே நிற்கும், எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். இப்படியே நடந்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். ஆயில் ஏறுகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்னும்.

பள்ளிக்கூடம், கடை, அலுவலகம் என்று தினம் 5 கி.மீ. ஓட்டம்தான் என்றால் பெட்ரோலைப் பாருங்கள், அல்லது டிபிஎஃப் இல்லாத பழைய டீசலை. பழையதை எடுப்பதானால், உங்கள் நகரத்தில் பழைய டீசலுக்குத் தடையோ நுழைவுக் கட்டணமோ உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு "வருடத்துக்கு 2 நாள்" என்பது பதிலானால், நேர்மையாகச் சொல்கிறேன், உங்களுக்கு லோ ரேஞ்ச் கியரும் (மெதுவாக ஓடி அதிகம் இழுப்பது) லேடர் சேஸிஸும் (ஏணி வடிவ இரும்புச் சட்டம்) உள்ள வண்டி தேவையில்லை. அந்த 2 நாளுக்கு வாடகைக்கு எடுப்பது மலிவு.

2. சுமைக் கணக்கு

இந்தக் கணக்கைப் போடாமல் ஏழு பேரோடு டூர் போகத் திட்டமிடுகிறவர்கள் அதிகம். வண்டியின் மொத்த அனுமதி எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. இவற்றைக் கதவுச் சட்டத்தில் உள்ள தகட்டிலும் பதிவுச் சான்றிலும் தேடுங்கள்.

உதாரணத்துக்கு அனுமதி 3,300 கிலோ, வெறும் வண்டி 2,600 கிலோ. மீதம் 700. ஆளுக்கு 75 கிலோ என்றால் 7 பேருக்கு 525. இப்போது கையில் 175 கிலோ. இரும்பு புல் பாரும் (முன் தடுப்புக் கம்பி) வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) சேர்ந்து 90 கிலோ போட்டால் 85 மிச்சம். கூரையில் ரேக்கும் கூடாரமும் 80 கிலோ என்று வைத்தால், எல்லாருடைய பெட்டிகளுக்கும் தண்ணீருக்கும் சேர்த்து 5 கிலோ. டிரெய்லர் இழுத்தால் இன்னும் மோசம். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொக்கி வழியே வண்டி மேல் அழுத்தும், அதுவும் இந்த 700-க்குள்தான் அடக்கம். 2,500 கிலோ டிரெய்லர் என்றால் 250 கிலோ அங்கேயே போயிற்று.

அதிகச் சுமையோடு ஓடிய வண்டியில் பின் ஸ்பிரிங், வீல் பேரிங், பிரேக் எல்லாம் சீக்கிரம் போகும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் எடையைக் காட்டிப் பணம் தர மறுக்கவும் வழி உண்டு.

3. ஐந்து வருடச் செலவு

வாங்கும் விலையிலிருந்து ஐந்து வருடம் கழித்து விற்றால் கிடைக்கும் விலையைக் கழியுங்கள். அதோடு எரிபொருள், டயர், சர்வீஸ், காப்பீடு, வரி, ரிப்பேருக்கான ஒதுக்கீடு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதே மாடலில் இன்றைக்கு ஐந்து வருடம் பழைய வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தாலே விற்பனை விலை ஓரளவு பிடிபடும். புது வண்டி என்றால் பெரும்பாலும் இந்த விலைச் சரிவுதான் மிகப் பெரிய செலவு, டீசல் அல்ல.

எரிபொருளில் ஒரு கணக்குப் பிசகு எல்லோருக்கும் வரும். லிட்டருக்கு 6 கி.மீ. தரும் வண்டிக்கும் 7 கி.மீ. தரும் வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். வருடம் 15,000 கி.மீ. ஓடினால் முதலாவதுக்கு 2,500 லிட்டர், இரண்டாவதுக்கு 2,143 லிட்டர். வித்தியாசம் 357 லிட்டர். சின்னக் காரில் 12-லிருந்து 14-க்குப் போனால்கூட மிச்சம் 179 லிட்டர்தான். மைலேஜ் குறைவான வண்டியில்தான் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதிகம் பேசும். நிறுவனம் சொல்லும் மைலேஜை இந்தக் கணக்கில் போடாதீர்கள். அதே எஞ்சின், அதே கியர் பாக்ஸ் உள்ள வண்டியை ஓட்டுகிறவர்கள் டேங்க் ஃபுல் செய்து அடுத்த டேங்க் ஃபுல் வரை எடுத்த அளவைக் கேளுங்கள், குறைந்தது மூன்று பேரிடம்.

டயரில் கவனம். பெரிய வண்டியின் டயர் விலை அதிகம், ஸ்டெப்னியோடு ஐந்து வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரே ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்ற முடியாமல் போகலாம். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதனால் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றும், நடு டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொண்டே சூடாகும். எவ்வளவு தேய்மான வித்தியாசம் வரை விடலாம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ஒரு டயர் ஓரத்தில் கிழிந்ததற்கு நான்கு வாங்க வேண்டிவரும் நாளையும் கணக்கில் வையுங்கள்.

சர்வீஸில், ஆயில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். சின்னக் காருக்கு 4 லிட்டர் போதும், பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) டீசலுக்கு 9 லிட்டருக்கு மேல் போகும். இதோடு இரண்டு டிஃபரன்ஷியல் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், கியர் பாக்ஸ் ஆயில் தனித்தனி. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். பல நிறுவனங்களுக்கு கியர் பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000-லிருந்து 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது.

ரிப்பேர் ஒதுக்கீடு: பத்து வருடத்துக்கு மேற்பட்ட அல்லது 1,50,000 கி.மீ. தாண்டிய வண்டி என்றால், வாங்கும் விலையில் 10 முதல் 15 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வாங்கிய முதல் மாதமே எல்லா ஆயிலும், பெல்ட், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர் மாற்ற அதிலிருந்துதான் எடுப்பீர்கள். அந்தத் தொகை ஒதுக்க முடியாவிட்டால், அந்த வண்டி உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே இருக்கிறது என்று பொருள்.

4. எட்டுப் பாகங்களின் விலையும் காத்திருப்பும்

இதற்கு ஒரு நாள் ஆகும், ஆனால் வேறு எந்தப் படியையும்விட அதிகம் சொல்லித்தரும். நினைத்திருக்கும் மாடலுக்கு இந்த எட்டையும் விசாரியுங்கள்: இன்ஜெக்டர் ஒன்று, டர்போ, ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், முன் கண்ணாடி, ஹெட்லைட், முன் பிரேக் டிஸ்க் ஜோடி, ஒரு ஷாக் அப்சார்பர் அல்லது ஏர் ஸ்பிரிங். ஒவ்வொன்றுக்கும் விலையோடு "கையில் இருக்கிறதா, வர எத்தனை நாள்?" என்று கேளுங்கள். இறக்குமதி வண்டிக்கு ஹெட்லைட் உடைந்தால் இரண்டு மாதம் வண்டி ஷெட்டில் நிற்கும் கதை உண்டு, அந்த இரண்டு மாதமும் மாத தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எரிபொருளையும் இங்கேயே சரிபாருங்கள். யூரோ 5, யூரோ 6 என்ற புகை விதிகளுக்காகச் செய்த டீசல் எஞ்சின்கள் கந்தகம் 10 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் போகாத டீசலை எதிர்பார்ப்பவை. கந்தகம் அதிகமான டீசல் கிடைக்கும் இடத்துக்கு அப்படிப்பட்ட இறக்குமதி வண்டியைக் கொண்டுபோனால் வெளியேற்றச் சாதனங்கள் வரிசையாகக் கெடும். அட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல்) ஊற்றும் வண்டியானால் அது எங்கே கிடைக்கும் என்றும் பாருங்கள். தீர்ந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் பூட்டிக்கொள்ளும்.

5. மாடலின் தெரிந்த நோய்கள்

நல்ல பெயர் வாங்கிய நிறுவனத்தின் வண்டியானாலும், எஞ்சின் குறியீட்டையும் தயாரிப்பு வருடத்தையும் வைத்துத்தான் தேட வேண்டும். 2024-ல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எஞ்சினுக்குள் உற்பத்தியின்போது தங்கிய உலோகத் துகள்கள்தான் காரணம். அந்த வண்டிகள் 2022–23 டன்ட்ராவும் லெக்சஸ் எல்எக்ஸும். அதே நிறுவனத்தின் பழைய 3 லிட்டர் 1கேடி டீசலில் இன்ஜெக்டரின் அடியில் உள்ள வாஷர் கசியும். கசிந்த புகை ஆயிலில் கரியாகச் சேர்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும், ஆயில் ஏறாமல் எஞ்சின் இறுகி நின்றுவிடும். வாஷர் மலிவு, எஞ்சின் மலிவல்ல.

2005–2010 நிசான் பாத்ஃபைண்டரில் கியர் பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள் இருக்கிறது. உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்து இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஆகும். பார்க்கும்போதே கியர் பாக்ஸ் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ரேடியேட்டரை மாற்றி வைத்திருக்கிறாரா என்று விற்பவரிடம் ரசீதோடு கேளுங்கள். லேண்ட் ரோவரின் வி6 டீசலில் கிராங்க் ஷாஃப்ட் உடைவதும் பரவலாகத் தெரிந்ததே.

இதற்காக இந்த வண்டிகளை எல்லாம் ஒதுக்க வேண்டியதில்லை. நோய் தெரிந்தால் எதைக் கேட்க வேண்டும், எதைத் திறந்து பார்க்க வேண்டும், எவ்வளவு குறைத்துப் பேச வேண்டும் என்பது தெரியும். நோயே எழுதப்படாத அபூர்வ மாடலைவிட அது நல்லது.

6. காகிதங்கள்

வண்டியைப் பார்க்கப் போகும்முன்பே இவற்றின் படங்களை அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் பயணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

பதிவுச் சான்றில் உள்ள 17 இலக்க வின் எண்ணும் (வண்டியின் அடையாள எண்), சேஸிஸில் பொறித்த எண்ணும், கதவுத் தகட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். சேஸிஸ் எண்ணைச் சுற்றி வெல்டிங் தடயமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட்டோ இருந்தால் பேச்சே வேண்டாம். வண்டி மேல் கடன் பாக்கி உண்டா என்று பதிவு அலுவலகத்திலோ இணைய வசதியிலோ நீங்களே பாருங்கள்.

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் போதாது, ரசீது வேண்டும். ரசீதில் கி.மீ.யும் தேதியும் இருக்கும். அவற்றை வரிசைப்படுத்தினால் மீட்டர் திருப்பியது தெரிந்துவிடும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அது மாற்றிய ரசீது இல்லாதவரை, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அழைப்பு ஏதும் பாக்கி உண்டா என்று வின் எண்ணைப் போட்டு நிறுவனத்திடம் கேட்கலாம், இலவசம்.

புல் பார், லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), பெரிய டயர், கூடுதல் டேங்க் போன்றவை பொருத்தியிருந்தால் அதற்கு அனுமதிக் காகிதம் எங்கே என்று கேளுங்கள். காப்பீட்டுக்காரரிடம் அந்த மாற்றங்களோடு சேர்த்து எழுத்தில் பிரீமியம் வாங்குங்கள், அதுவும் முன்பணம் கொடுக்கும்முன். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

டயர் பெரிதாக மாற்றிய வண்டியில் மீட்டரும் பொய் சொல்லும். 265/70 ஆர் 17 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ., 285/70 ஆர் 17-க்கு 831 மி.மீ. வித்தியாசம் 3.5 சதவீதம். முழுக்கப் பெரிய டயரிலேயே ஓடியிருந்தால், மீட்டரில் 1,00,000 என்றால் உண்மையில் ஓடியது 1,03,500. வேகமும் அதே அளவு குறைத்துக் காட்டும்.

7. வண்டியை நேரில் பார்ப்பது

காலையில், மழை இல்லாத நாளில், பகல் வெளிச்சத்தில் போங்கள். நனைந்த வண்டியில் எந்தப் பெயின்ட்டும் பளபளக்கும். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சர் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவது. விடாமல் வரும் வெள்ளைப் புகை கூலன்ட்டாகவோ எரியாத டீசலாகவோ இருக்கலாம். முடுக்கும்போது அடர் கறுப்பு என்றால் இன்ஜெக்டர், டர்போ, காற்றுக் கசிவு ஆகியவற்றில் ஒன்று. சூடானபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே சும்மா வையுங்கள். டீசலில் லேசாக ஆடுவது சகஜம், மூடி குதித்து விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி) ஒன்று கொண்டுபோங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லாமல், வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள் மட்டும் "முடியவில்லை" என்று காட்டினால், சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

அடுத்து அடிப்பகுதி. இதற்கு வண்டி லிஃப்டில் ஏற வேண்டும், உங்கள் மெக்கானிக்கிடம் 2 மணி நேரம் கூலி கொடுத்து முன்பதிவு செய்யுங்கள். ஸ்குரூடிரைவர் பிடியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே துரு. பின் ஆக்ஸிலுக்கு மேலும், டீசல் டேங்கைச் சுற்றியும், பாடி உட்காரும் ரப்பர்களின் இடத்திலும் கூடுதலாகத் தட்டுங்கள், சேறும் உப்பும் தங்குவது அங்கேதான். அடிப்பக்கம் முழுக்க நேற்று அடித்த கறுப்புப் பூச்சு இருந்தால், அதன் அடியில் என்ன என்பதுதான் கேள்வி.

டிஃபரன்ஷியலின் மேல் போல்ட்டைத் திறந்து சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருக்கலாம், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். காற்று போய்வரும் குழாய் அடைத்திருந்தால் நிச்சயம். ஆயில் வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பரவாயில்லை, ஊசி மாதிரியோ செதில் மாதிரியோ இரும்பு இருந்தால் பல் உடைகிறது.

ஆற்றில் மூழ்கி எழுந்ததா என்று அறிய, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். நுனியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தில் துருவும், கார்ப்பெட்டின் அடியில் மணலும் அதே கதையைச் சொல்லும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை விட்டுவைக்க ஒரு இரவு கேளுங்கள். ராத்திரி நான்கு சக்கர வளைவுகளிலும் தரையிலிருந்து உயரம் அளந்து எழுதி, காலையில் மறுபடி அளக்க வேண்டும். நான்கும் கொஞ்சம் இறங்கினால் பயமில்லை, சில வண்டிகள் இறங்கித் தாமே சமப்படுத்திக்கொள்ளும். ஒரு மூலை மட்டும் குனிந்து நின்றால் அங்கே காற்று கசிகிறது, அதை நிரப்ப ஓயாமல் ஓடிக் களைத்த கம்ப்ரசருக்கும் சேர்த்து விலை போடுங்கள்.

8. ஓட்டிப் பார்ப்பது

தார் ரோட்டில் மட்டும் ஓட்டி முடிக்காதீர்கள். ஜல்லி அல்லது மண் தரையில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண கியர்) போடுங்கள், பிறகு நிறுத்தி 4எல் (லோ ரேஞ்ச்), டிஃப் லாக் (டிஃபரன்ஷியலைப் பூட்டுவது). விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்து நிலைக்காவிட்டால், பல வருடம் போடாமலே இருந்து மோட்டார் இறுகியிருக்கலாம். நடு டிஃபரன்ஷியல் இல்லாத பார்ட் டைம் வண்டியில் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுப்பைப் போடுவது) இந்தச் சோதனையைக் காய்ந்த தாரில் செய்யக் கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் வேறு வேறு தூரம் ஓடுவதால் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறி, லீவர் திரும்ப வராமல் சிக்கிக்கொள்ளும்.

முன்னும் பின்னும் மெதுவாக மாற்றி மாற்றி எடுக்கும்போது "டக்" என்று சத்தம் வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட். 80 கி.மீ. வேகத்தில் உறுமல் கேட்டு, ஆக்சிலரேட்டரை விட்டதும் மாறினால் டிஃபரன்ஷியல் பேரிங்கைப் பாருங்கள். வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் டயராகவோ வீல் பேரிங்காகவோ இருக்கும்.

கடைசியாக டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் செய்தது. தடம் ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் ஆன டயர் குப்பைதான், ஐந்தின் விலையையும் பேரத்தில் கழித்துவிடுங்கள். ஸ்டெப்னியைப் பார்க்க மறக்காதீர்கள், பல வண்டிகளில் அது வந்ததிலிருந்து கீழே இறக்கப்படாமல் துருப்பிடித்த சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும்.